சுத்தமான காற்று விற்ற பார்த்திபன்

ஆம்பூர் டேனரி ஒன்றின் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகவே பாதி ஆயுள் நின்றதில் பார்த்திபனுக்கு மூக்கு செத்துப் போயிற்று. அவருக்கு மல்லிகையும் ஒன்றுதான், ஊறப்போட்ட மாட்டுத்தோலும் ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதரைத்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று சுத்தமான காற்று விற்க ஏஜெண்டாக வைத்துக்கொண்டது.

விற்பனைக்கு வந்தது அவருடைய சொந்த ஊர், மூங்கிலேரி. மலையடிவாரத்து மேய்ச்சல் நிலத்தை மழித்தார்கள். புளியமரங்களைச் சாய்த்துவிட்டு, தொட்டியில் ஏதோ சீமைப் பனை வைத்தார்கள். 'ஹில் வியூ' என்று பிரம்மாண்டமாக ஒரு வளைவு கட்டினார்கள். அதற்குப் பிறகு மலை தெரியவில்லை. பார்த்திபன் லுங்கியை விட்டு பேண்ட்டுக்கு மாறினார், கூலிங் கிளாஸ் மாட்டினார், சொந்தக்காரர்களை 'லோக்கல் ஆளுங்க' என்று சொல்லப் பழகினார்.

ஒரே ஒரு இடைஞ்சல். வில்லா மனைகளுக்குச் சாலை போட வேண்டுமென்றால் அக்கா சுந்தரியின் வேர்க்கடலைக் கொல்லையை அறுத்துக்கொண்டுதான் போட வேண்டும். அதை வாங்கித் தந்தால் பார்த்திபனுக்கு மூலை வில்லா. அக்காவோ மசிகிற ஜாதியில்லை.

"கொல்லைய குடுத்துட்டு நான் இன்னாடா பண்ண? உன் வளைவு மேல ஏறி குந்திக்கவா?"

"பேஜார் பண்ணாதக்கா. பெரிய பெரிய ஆளுங்க குடி வர்றாங்க. ஊரே மாறிடும்."

சுந்தரி கொஞ்சம் யோசித்தாள். "சரி, கூட்டினு வா. இங்கியே குடி வர்றோம்னு அவங்க வாயால சொல்லட்டும், வழி வுட்டுடறேன். ஆனா சாயங்காலமா கூட்டினு வா. பொழுது எறங்கறப்போ மலை ஷோக்கா இருக்கும்."

அக்காவுக்குக்கூட ரசனை வந்துவிட்டதே என்று பூரித்துப் போனார். பொழுது சாய்ந்ததும் ஊரே ஜன்னலைச் சாத்துவது கொசுவுக்காக என்று இத்தனை காலம் நம்பியிருந்த மனிதர்.

ஞாயிறு மாலை கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் கிராமம் வேண்டும், கிராமத்து ஜனம் வேண்டாம் என்கிற ரகம். ஓர் அம்மாள் சுந்தரியின் மாட்டைக் காட்டி, "இதை எப்போ எடுப்பீங்க?" என்றாள், குப்பையைக் கேட்பது போல.

"எல்லாம் எடுத்துடலாம் மேடம்," என்றார் பார்த்திபன், அக்கா பக்கத்தில் நிற்கும்போதே. "மொதல்ல நம்ம காத்த பாருங்க. எல்லாரும் கண்ண மூடி, நல்லா இழுங்க."

ஆம்பூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பியது. எல்லாரும் நன்றாக இழுத்தார்கள்.

அம்மாள் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்தாள். வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர் வளைவின் தூணைப் பிடித்துக் குனிந்து, மதியம் சாப்பிட்ட பிரியாணியை ஊருக்கே திருப்பிக் கொடுத்தார். கிளம்பிவிட்ட காரோடு கூடவே ஓடினார் பார்த்திபன். "கொசுவா சார்? மருந்து அடிச்சுடலாம் சார்! மேடம், இன்னும் சன்செட்டே ஆவல மேடம்!"

கம்பெனி மானேஜர் காரிலிருந்தபடியே போன் செய்தார்: வேறு மலை பார்த்துக்கொள்கிறார்களாம். வெட்டிய புளியமரங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார் பார்த்திபன். "இன்னாக்கா ஆச்சு அவங்களுக்கு? நல்லாத்தான இருந்தாங்க?"

சுந்தரி மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

"உனக்கு எங்கடா தெரியப்போவுது? குடுத்து வச்சவன் நீ. கொஞ்சம் தள்ளி நில்லு, கடலச் செடிய மிதிக்காத."