எங்கே போகிறாய் என்று கேட்கும் ஊர்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், நோர்வேயின் வடக்குக் கரையில் உள்ள ஒரு சின்ன மீன்பிடி ஊரில் நடந்தது இது. நான் இருப்பது லண்டனில், நோர்பரியில். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். சட்டனில் இருந்து ஹரோ வரைக்கும் நான் கமராவோடு ஏறி இறங்காத மண்டபம் இல்லை. "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, பொம்பிளையின்ர முகம் மறையுது" என்று மணவறைக்கு முன்னால் நின்று கத்திக் கத்தியே என் குரல் இப்படிக் கரகரத்துப் போனது.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில், மாதத்துக்கு ஒரு உள்ளூர்க்காரருக்கு ஒரு சுவரைக் கொடுத்துப் படம் மாட்ட விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் அல்பங்களில் நல்லதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். கூறைச் சேலைகளைக் கண்டு வியந்தார். கடைசியில் அல்பத்தை மூடிவிட்டு, இவையெல்லாம் மற்றவர்கள் கேட்டு எடுத்துக் கொடுத்த படங்கள் அல்லவா, உங்களுடைய படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. எனக்குத்தான் குத்தியது. "இருக்கிறது" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பெப்ரவரிச் சுவர் எனக்கென்று முடிவானது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

எங்கே போய் எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதற்கு முந்திய கோடையில், நோர்வேயில் இருந்து, நான் படம் எடுத்த தன் தம்பியின் கலியாணத்துக்கு வந்த ஒரு அக்கா, தான் இருக்கும் ஊரைத் தன் போனில் எனக்குக் காட்டியிருந்தார். அவரும் கணவரும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். பனி மூடிய மலை, கறுத்த கடல், சிவப்பும் மஞ்சளுமாக மரவீடுகள். லண்டனில் விழுந்த உடனேயே சேறாகிப்போகும் பனியைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் படங்கள் மனதை விட்டுப் போகவே இல்லை. தொலைபேசி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "வாரும் தங்கச்சி, எப்ப வேணுமெண்டாலும் வாரும்" என்றார்.

எனக்கு எப்போது வேண்டுமென்றாலும் போக ஏலாது. வருடம் முழுவதும் சனி, ஞாயிறு என்றால் மண்டபம்தான். மார்கழியில் மட்டும் நம் ஆட்கள் ஒரு நல்ல காரியமும் வைப்பதில்லை. ஆகவே எனக்கு மார்கழிதான் விடுமுறை. அதுவும் தை பிறந்து முதல் சனிக்கிழமையே ஒரு பெரிய கலியாணம் காத்திருந்தது.

என் கணவர் தலையில் கைவைத்தார். "உமக்கென்ன விசரே? சனம் குளிருக்குப் பயந்து டுபாய்க்கு ஓடுது. நீர் காசு குடுத்து ஐஸ்பெட்டிக்குள்ள போய் இருக்கப் போறீரோ?"

நான் ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான். கம்பளிச் சப்பாத்து, கம்பளிச் சட்டை, இரண்டு கையுறை எல்லாம் வாங்கினேன். அங்கே எத்தனை பாகை குளிர் என்று பார்த்தேன். எந்த லென்ஸ் கொண்டுபோவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். சூரியன் இருக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. போகிற இடத்தில் சூரியன் இருக்கிறதா என்று யார்தான் பார்ப்பார்கள்?

போய் இறங்கியது நடுப்பகல். ஆனால் வெளியே மாலை மங்கிய மாதிரி இருந்தது. முகில்தான் மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காரில் ஏறியதும் அக்காவிடம் வெயில் எப்போது வரும் என்று கேட்டேன்.

"தைப்பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமையால வரும்" என்றார் அவர், பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போல.

அந்தப் பக்கத்தில் நடுக்குளிர்காலத்தில் சூரியன் எழும்புவதே இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் இருந்தேன். படித்தது எங்கே உதவியது? மதியத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் மட்டும் தெற்கு வானம் சிவக்கும், பனி நீலமாகத் தெரியும், பிறகு இருட்டிவிடும். அக்கா சிரித்துவிட்டு, "நீர் வானத்தில ஆடுற பச்சை வெளிச்சத்தைப் பாக்கத்தான் வாறீர் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. பிறகு கோபம் வந்தது. சூரியன் இல்லையென்றால் சூரியன் இல்லாத படத்தை எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று முடிவு கட்டினேன்.

முதல் சில நாட்கள் நான் செய்த கூத்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பனி கொட்டும்போது மண்டபப் பழக்கத்தில் ஃபிளாஷ் அடித்தேன். படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். வெளியே குளிர்ந்த கமராவை அப்படியே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தேன். உள்ளும் புறமும் வியர்த்து அன்று முழுக்க அது வேலை செய்யவில்லை. பற்றரிகள் குளிரில் உடனே உடனே செத்தன. எங்கள் பெண்கள் காசு ஒளித்து வைக்கும் இடத்தில் அவற்றைச் செருகிச் சூடாக வைத்துக்கொண்டேன். நாற்காலி பூட்டிய சறுக்கு வண்டியில் கடைச் சாமானைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரை மறித்து, இங்கே பாருங்கள், சிரியுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் விடவில்லை. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வாசல் பனியைச் சவளால் தள்ளுகிற ஆட்கள், வேலை முடிந்து ஆவி பறக்கத் தொழிற்சாலையை விட்டு வருகிறவர்கள் என்று ஒதுங்கி நின்று எடுக்கப் பழகினேன். படங்கள் தேறின. ஆனால் என் சுவரின் நடுவில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஊருக்குப் பின்னால் ஒரு மொட்டை மலை. அதன் மேலிருந்து, அந்த நீல மதியத்தில், முழு ஊரையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்று மனதுக்குள் பதிந்துவிட்டது.

இங்கேதான் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும், நோர்வேக்காரி, ஊரில் இருந்த ஒரே கடையை நடத்தியவர். நான் கமராப் பையோடு படி இறங்கும் ஒவ்வொரு முறையும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காரியமாக வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? நான் திரும்ப உள்ளே போய், இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிடுவேன்.

அக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "அவை இஞ்ச எல்லாரையும் அப்பிடித்தான் கேக்கிறவை. வந்த புதுசில நானும் தண்ணி குடிச்சுக் குடிச்சே வயிறு ஊதினனான்." அப்படிச் சொன்ன அக்கா, நம் பழக்கத்தை மதித்து, என்னிடம் ஒரு நாளும் எங்கே போகிறீர் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மலைக்குப் போன அன்று அக்காவும் கணவரும் வேலையில் இருந்தார்கள். வானம் துப்புரவாக இருந்தது. நான் வாசலுக்கு வந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பனி தள்ளுகிற சவளோடு நின்றார். எங்கே என்று கேட்டார். தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்தால் இன்னும் நிற்கிறார், திரும்பவும் கேட்கிறார். இப்படியே நின்றால் வெளிச்சம் போய்விடும் என்ற எரிச்சலில், "துறைமுகம்" என்று கையைக் கடற்பக்கம் வீசிவிட்டு, கொஞ்சத் தூரம் அந்தப் பக்கமே நடந்து, வளைவில் திரும்பி மலையில் ஏறினேன்.

மேலே போய்க் கமராவை நிறுத்தி இரண்டு படம் எடுத்திருப்பேன். கடல் பக்கம் இருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்னால் பனி. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் மறைந்துவிட்டது. மேல், கீழ், பக்கம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். டோர்ச்சை அடித்தால் மூக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவர். போன் குளிரில் செத்துக் கிடந்தது. மலையின் ஒரு பக்கம் நேரே கடலுக்குள் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு பாறையோடு ஒட்டிக்கொண்டு கமராப் பைக்கு மேல் குந்தினேன். விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. எனக்குப் பயம் வந்தது. சும்மா பயமில்லை, என் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிற பயம். நான் இங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. தெரிந்திருக்கக்கூடிய ஒருவரிடமும் பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும், இங்கே கிடந்து செத்தால் "நான் அப்பவே சொன்னனான்" என்று என் மனுசன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாரே, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டும் தேவாரமும் வாயில் வந்த எல்லாவற்றையும் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கீழே எங்கோ கார் ஹோர்ன் விடாமல் அடிப்பது கேட்டது. பிறகு மங்கலாக இரண்டு வெளிச்சம். நான் கத்தினேன். வெளிச்சங்கள் என் பக்கம் திரும்பின. முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டுப் பெண். பின்னால் அக்காவின் கணவர். ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது அக்கா.

அந்தப் பெண்ணின் காற்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்து, விறைத்து, மரக்கட்டை மாதிரி இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மூச்சு வாங்க, "துறைமுகம் என்று சொன்னீர்களே" என்றார். அவ்வளவுதான்.

பனி தொடங்கியதும் அவர் கடையைப் பூட்டிவிட்டு நேரே துறைமுகத்துக்கு ஓடியிருக்கிறார். அலை அடிக்கும் கற்களின் மேல் ஏறி, தண்ணீருக்குள் டோர்ச் அடித்து என்னைத் தேடியிருக்கிறார். அங்கே என்னைக் காணாமல் தொழிற்சாலைக்குப் போய் அக்காவிடம் சொல்ல, நான் சாப்பாட்டு மேசையில் மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது அக்காவுக்கு நினைவு வந்திருக்கிறது.

வீட்டில் என் பாதங்களைத் தன் மடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அக்கா அழுதார். "உமக்கு ஏதும் நடந்திருந்தா உம்மட மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது? நானும் ஒரு சொல்லுக் கேக்கேல்லப் பாரும். வெளிக்கிடேக்க கேக்கக் கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்." எனக்கு வெட்கமாக இருந்தது. கமராவில் இருந்த இரண்டு படமும் ஒன்றுக்கும் உதவாது என்பதையும் அப்போதே பார்த்துவிட்டேன்.

அடுத்த நாள் வானம் மறுபடி துப்புரவாக விடிந்தது. விடிந்தது என்று எழுதுகிறேன், நீங்கள் விளங்கிக்கொள்ளுங்கள். நான் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினேன். அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றார். "நீர் போகேலாது." நான் சொன்னேன், "அக்கா, போட்டு வாறன். இண்டைக்குச் சொல்லிப்போட்டுப் போறன்."

நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கேட்க முன் நானே சொன்னேன். மலையில் கம்பம் நட்டிருக்கிற இடத்துக்குப் போகிறேன், அதற்கு அங்கால் போக மாட்டேன், வானத்தில் சிவப்பு மறையத் தொடங்கியதும் இறங்குவேன். நான் சொன்னதை அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். போகாதே என்று சொல்லவில்லை. தன் தலைவிளக்கைக் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டார். அதை அணைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். வெளிக்கிடும்போது வாய் திறந்து உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டுப் போனது அதுதான் எனக்கு முதல் தடவை. தண்ணீர் குடிக்கவில்லை.

அன்று நான் நினைத்த படம் கிடைத்தது. தெற்கே ஒரு கோடு சிவப்பு, நீலப் பனி, எல்லா யன்னலிலும் விளக்கு. இருட்டு என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் கமராவை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. சொன்னபடி இறங்கி வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு, அவசரமாகச் சப்பாத்தை மாட்டிக் கடைக்குப் போய்விட்டார்.

லண்டனுக்கு வந்து, சுவருக்காக அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அதில் அக்காவின் பக்கத்து வீட்டு யன்னலில் ஒரு கறுப்புப் பொட்டு. அச்சில் பிழை என்று நினைத்துக் கணினியில் போய்ப் பெரிதாக்கினேன். பொட்டில்லை. அது யன்னலோடு ஒட்டி நிற்கிற ஒரு ஆளின் உருவம். அதற்கு அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் நின்றது. அன்று மலையில் எடுத்த எல்லாப் படத்தையும் பார்த்தேன். கமராவை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் நடமாடுகிற மனிதர்கள் படத்தில் விழ மாட்டார்கள். அசையாமல் நிற்கிறவர்தான் விழுவார். அவர் எல்லாப் படத்திலும் நின்றார்.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஓம், அண்டைக்குக் கடை பிந்தித்தான் திறந்தவ. பால் வாங்கப் போன சனமெல்லாம் வெளியில நிண்டது" என்றார்.

பெப்ரவரியில் அந்தப் படம் சுவரின் நடுவில் தொங்கியது. நூலகப் பெண்மணி அதற்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டு, இது உங்களுடைய படம் என்றார். எந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேனோ அதே சொல். ஆனால் நான் அவரைக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய் அந்த யன்னலைத் தொட்டுக் காட்டினேன். என்னுடைய படம் எது என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறேன். அதை எடுத்த நேரமெல்லாம் என் விளக்கை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒருத்தி நின்றாள் என்பதைச் சொல்லாமல், அதை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.