எல்லாவற்றுக்கும் ஓம்

பலேர்மோவில் எங்களுக்காகப் பேசுவது மகள்தான். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனால் அதிகாரியின் முன்னால் நிற்பது அவள். தம்பியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொல்வதைக் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொல்வதும் அவள். சின்ன வயதிலேயே பழகிவிட்டாள். நான் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் சீசா என்ற வட்டாரத்து மாடிக் கட்டடங்களில் படி கழுவுகிறார். எங்கள் இத்தாலிய மொழி அந்த வேலைகளுக்குப் போதும், அதைத் தாண்டாது.

அவளுக்குப் பதின்மூன்றும் மகனுக்குப் பதினொன்றும் நடந்த கோடையில், சிஞ்ஞோராவை அவருடைய பிள்ளைகள் கடற்கரை வீட்டுக்கு அழைத்துப் போனதால் எனக்கு லீவு கிடைத்தது. முதலில் பாரிசில் என் அக்கா வீடு, பிறகு ரயிலில் ஜெர்மனிக்கு, கணவரின் அண்ணன் வீட்டுக்கு. நால்வருமாக இத்தாலியை விட்டு வெளியே போவது அதுவே முதல் தடவை. பாரிசில் நன்றாகத்தான் இருந்தது. ஈபிள் கோபுரத்துக்குக் கீழே புல்லில் உட்கார்ந்து, அக்கா கட்டித் தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

ஜெர்மனிக்குப் போகும் ரயிலில் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாந்தி எடுத்தான். முகம் வெளிறிப்போனது. கணவர் அண்ணனுக்குப் போன் எடுத்தார். அவர் தொழிற்சாலையில் வேலையில் நின்றதால் எடுக்கவில்லை. அடுத்த ஊரில் இறங்கி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த இளம் மருத்துவர், தனக்கு இத்தாலிய மொழி தெரியாது என்று கையை விரித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினார். பழக்கதோஷத்தில் நாங்கள் இருவரும் மகளைப் பார்த்தோம். அவளுக்கு இருந்தது பள்ளியில் படித்த கொஞ்ச ஆங்கிலம். அவர் வேகமாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ‘யெஸ்’ என்றாள். மகனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குடிக்க ஒரு மருந்து தந்து அனுப்பினார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று மகள் சொன்னாள். நிம்மதியோடு அடுத்த ரயிலில் ஏறினோம். நோவும் குறைந்தது போலிருந்தது. மகன் என் மடியில் தூங்கினான்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் உடம்பு கொதித்தது. அப்போதுதான் வேலையால் வந்திருந்த அண்ணன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவனைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போனார்கள்.

வெளியே காத்திருந்தபோது அண்ணன் மகளிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

“அந்த டொக்டர் என்ன கேட்டவர் பிள்ளை? நீ என்ன சொன்னனீ?”

“விளங்கேல்லை பெரியப்பா,” என்றாள். “எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னனான்.”

யாரும் அவளை ஏசவில்லை. கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன். என் முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

மகன் பிழைத்தான். மிச்ச விடுமுறை அவன் கட்டிலடியில் கழிந்தது. இப்போது பந்து விளையாடுகிறான், தழும்பைக் கூட்டாளிகளுக்குக் காட்டுகிறான்.

பலேர்மோவுக்குத் திரும்பிய பிறகு மகள் எங்களுக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலில் மருந்துக்கடையில்தான் கவனித்தேன். களைப்பு என்று நினைத்தேன். கபோச் சந்தையில் மரக்கறிக்காரர் ஏதோ கேட்டதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு குவெஸ்தூராவில், அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டும் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். கணவர் தெரிந்த சொற்களைக் கோத்து எதையோ சொல்லிப் பார்த்தார். மொழி தெரிந்த ஆளோடு இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன்.

“உன்னிலை ஒருத்தரும் பிழை சொல்லேல்லை.”

“தெரியும் அம்மா. ஆனா நீங்கள் என்னைப் பாத்தனீங்கள்.”

நான் மிச்ச முடியைப் பின்னினேன். பின்னல் முடிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு. பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே போனில் யாரோடோ இத்தாலிய மொழியில் கதைக்கும் சத்தம் கேட்கும். சில நேரம் சிரிப்பும் கேட்கும். தட்டினால் எல்லாம் நின்றுவிடுகிறது. அதனால் நான் தட்டுவதில்லை.