பசைப் பிரஷ்ஷில் பிறந்த எழுத்து

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைப்பதுதான் அப்போது என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் வழுவழுவென்று கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்றவை. தாயில்பட்டியிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்.

“எளுத்தப் பாத்தாலே சத்தம் கேக்கணும்மா. இதெல்லாம் தூங்குது.”

பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த என் மதினியிடம் தேய்ந்துபோன பசைப் பிரஷ் ஒன்று இருந்தது. அதை வாங்கி, கறுப்பு மையில் லேசாகத் தொட்டு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் இழுத்தேன். கோட்டின் நடுவில் தாளின் வெள்ளை தெரிந்தது. முனைகள் பிய்ந்து நின்றன. ‘ண’வும் ‘ஞ’வும் சுழி அடைத்துக்கொண்டு படாத பாடு படுத்தின. ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓரம் வரைந்து எழுத்துரு ஆக்கினேன். அதிகம் சுத்தம் செய்தால் முரட்டுத்தனம் போய்விடும்; அப்படியே விட்டால் அழுக்காகத் தெரியும். பெட்டியின் மேல் பெரிதாக ஒரு சொல், இரண்டு சொல் போடலாம். பொடியாகப் போட்டால் படிக்க முடியாது.

கம்பெனிக்காரருக்குப் பிடித்துப்போனது. அடுத்த சீசனுக்குள் அந்த எழுத்து சிடியில் ஏறி ஊரெல்லாம் போய்விட்டது. கறிக்கடை போர்டு, கட்சி பேனர், டியூஷன் சென்டர். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பஸ்ஸில் தலையைச் சாய்த்தால்கூட ஜன்னலுக்கு வெளியே அதுதான் வந்தது. சலித்துப்போனேன்.

ஒரு கோடையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்து ஒரு பெண் இறந்துபோனாள். அஞ்சலி போஸ்டர் அடிக்க அவள் புருஷன் வந்தார். “தூரத்துல இருந்தே தெரியணும், அந்த எளுத்தையே போடும்மா” என்றார் எங்கள் முதலாளி. போட்டேன். அச்சுக்குப் பிளேட் தயாராகி, முதல் தாள் வந்தது.

அவள் புருஷன் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இது வெடி எளுத்துல்லாக்கா?”

“ஆமாண்ணே.”

“அவ பேரு இதுல வேண்டாங்க்கா.”

பிளேட் வீணாகிவிட்டதே, முதலாளி சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் வந்து தாளை வாங்கி மடித்தார். “வேற போடு தாயி. பிளேட்டு போனாப் போவுது.”

மெலிந்த, சாதாரண எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். பேரைத் திரும்ப அடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. புருஷன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘ள’ இருந்தது. வேறு எங்கும் அந்தப் பேரை ‘ழ’ போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

“எந்த ‘ள’ண்ணே? அவுக எப்படி எளுதுவாக?”

அவர் திகைத்துப் போனார். பிறகு மேஜைமேல் விரலால் மெதுவாக எழுதிப் பார்த்தார். கடைசியில் விரல் கீழே இறங்கிச் சுழித்தது.

“இப்படித்தான் எளுதுவா. கீழ இளுத்து விடுவா.”

‘ழ’ என்று அடித்தேன். அவர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். முதலாளி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலையில் புஸ்வாணப் பெட்டிக்கு ஓர் ஆர்டர் வந்தது. பிரஷ் எழுத்தே வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.