சாரலில் நின்ற பேரீச்சை

துபாயிலிருந்து வந்த மாமா எங்களுக்கெல்லாம் சென்ட் பாட்டிலும், வடகரை வீட்டுக் கொல்லைக்கு ஒரு பேரீச்சங்கன்றும் கொண்டுவந்தார். சென்ட் பாட்டிலை நான் உடைத்தது வேறு கதை. கன்றை ஈரச்சாக்கோடு பச்சைப்பிள்ளை மாதிரி இறக்கினார்.

"பாவம், பொறந்ததுல இருந்து பாலைவனத்துல தாகமா கெடந்திருக்கு. இங்கனயாவது வயிறு நெறையக் குடிக்கட்டும். ஏட்டி, ரெண்டு வேளையும் ஒரு கொடம் ஊத்தணும், தப்பக் கூடாது" என்றார் என்னிடம்.

புதுப்பெண்ணான மாமியிடம், "நான் வரும்போது இது பட்டுப்போயி நின்னா, நீ என்னைய நெனைக்கலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார். அன்றிலிருந்து மாமிக்குச் சோறு இறங்கவில்லை.

வெயில் இருந்தவரை கன்று மடமடவென்று குடித்தது. ஆனியில் சாரல் பிடித்தது. எங்கள் ஊர்ச் சாரலில் துணி காயவே காயாது. கனல் போட்ட கரிச்சட்டி மேல் கூடையைக் கவிழ்த்து, அதில் விரித்துத்தான் உலர்த்துவோம். வீட்டில் எல்லார் மேலும் புகைவாடை அடிக்கும். கன்றின் வேர்மூட்டில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. ஓலை மஞ்சளடித்தது. உம்மா ஓதி ஊதினாள். குளிருக்கென்று நான் மாமாவின் கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

வாப்பா ஈரக் கைலியை உதறிக்கொண்டே சொன்னார்: "கைலியே காய மாட்டேங்கு. இந்தக் காத்துல ஓலையில ஈரம் எப்படிக் காயும்? அது காஞ்சாத்தானே வேரு உறிஞ்சும்? ஊத்துறத நிப்பாட்டு."

"அவிய சொல்லிட்டுப் போயிருக்காவளே அண்ணே" என்றாள் மாமி.

மறுநாள் நல்ல குடத்தை உள்ளே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஓட்டைக் குடத்தை என்னிடம் தந்தாள். கிணற்றடியிலிருந்து வருவதற்குள் என் பாவாடைதான் குடித்தது. கன்றுக்கு ஒரு வாய் மிஞ்சியது.

"மாமி, இது ஓட்ட."

"ஊத்தாமயா இருக்கே?"

"இல்ல."

"அப்ப நடட்டி."

இப்படியும் ஒரு கருமியா என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். மாமாவுக்கு அனுப்பும் கேசட்டில், "பிள்ள ரெண்டு வேளையும் ஊத்துறா, ஒருநாளும் தப்பல" என்று மாமி பேசினாள். குடம் ஓட்டை என்று நான் கத்துவதற்குள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

சாரல் நின்று வெயில் ஏறியதும் நல்ல குடம் வெளியே வந்தது.

மறுவருடம் மாமா வந்தபோது கன்று என் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. "எப்படி என் ஏற்பாடு?" என்று மீசையைத் தடவினார்.

"உங்க சொல்ல மீறுவோமா?" என்றாள் மாமி.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அடுத்த சாரலுக்காவது மாமிக்கு நல்ல கொடமா ஒண்ணு வாங்கிக் குடுங்க மாமா, பாவம்" என்றேன். மாமி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்து, நானும் பின்னாலேயே ஓடினேன்.