பால் நேரத்துக் கதை

வலது காலின் பெருவிரலில் ஒரு கயிறு, கையில் ஒரு புத்தகம். கயிறு இழுபட, மூன்று தொட்டில்கள் சேர்ந்து ஆடுகின்றன. பக்கம் புரட்டும்போது மட்டும் கால் நின்றுவிடும். உடனே ஏதோ ஒரு தொட்டிலிலிருந்து முனகல் வரும். "இருடி, வாரேன்" என்பாள் பேச்சியம்மா, கண்ணை எடுக்காமல். அது பிள்ளைக்குச் சொன்னதா, கதைக்குள் இருப்பவளுக்கா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவின் ஆயா அவள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போகிறார்கள். தோட்டத்துப் பதிவில் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கேட்டால், "நாப்பது இருக்கும்ங்க, படிச்சதையும் சேத்தா அறுவது" என்பாள். பழைய துரை ஒருவர் விட்டுப்போன கம்பளிக் கோட்டைப் போட்டிருக்கிறாள். அதன் பைகள் புத்தகம் வைத்து வைத்துத் தொங்கிவிட்டன. தோட்டத்துக் கணக்கெழுதும் நான், பால்மா இருப்பைச் சரிபார்க்கத் தினமும் அங்கே போகிறேன். வேலை முடிந்த உடனே திரும்புவதில்லை என்பதையும் எழுதிவிடுவதே முறை.

புத்தகங்கள் அவளுக்கு அந்தோனியம்மா வழியாக வருகின்றன. இவள் பக்கத்துத் தோட்டத்து மருத்துவிச்சி. அட்டன் டவுனில் தம்பி இருப்பதால் புதியவையும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் பஸ் வரும்வரை இருவரும் புத்தகம் மாற்றிக்கொள்வதை, காய்கறி பேரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

"இது எப்புடிடீ?"

"வேணாம். மொதப் பக்கத்துலயே மூணு பேரு சாவுறாங்க. எம்புள்ளைங்க தூங்காது."

"ஆமா, ஒம்புள்ளைங்களுக்குக் கதை வெளங்கிருச்சு!"

"கதை வெளங்காது. ஆனா வரி ஆடுனாத்தான் கயிறு ஆடும். இந்தாளு எழுதுனத வச்சுத் தொட்டிலு தள்ள முடியல, கல்ல உருட்டுற மாதிரி இருக்கு."

"அப்ப இதக் கொண்டுபோ. ஆத்துல ஓடம் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு."

அந்த ஓடத்துப் புத்தகம்தான் எங்கள் மலையில் இவ்வளவு கலவரத்தையும் உண்டாக்கியது.

பத்து மணிக்குப் பால் கொடுக்க வரத் தாய்மாருக்கு அனுமதி உண்டு. இடுப்புச் சாக்கில் பனி சொட்ட வந்து சுவரோரம் அமர்ந்து, பிள்ளைகளை மார்பில் அணைத்துக்கொள்வார்கள். பேச்சியம்மா படிக்கத் தொடங்குவாள். வெளியே மூடுபனி ஏறி ஜன்னல் வெள்ளையாகிவிடும். தேயிலையும் இல்லை, பாதையும் இல்லை. ஓடத்தில் கனகவல்லி தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள், துடுப்பு கைநழுவிவிட்டது. ஒருநாள் அந்தத் தாய்மாரில் ஒருத்தியான பூரணி ஜன்னலைப் பார்த்தபடியே, "தண்ணி இப்புடித்தான் இருக்குமாக்கா, கரையே தெரியாம?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அந்தக் கட்டடம் மெல்ல நகர்வதுபோல எனக்கும் தோன்றியது.

பேச்சியம்மாவிடம் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பால் நேரத்துக்கு வெளியே கதையைச் சொல்லமாட்டாள். "சொன்னா சுருங்கிப்போயிரும். படிச்சுக் கேக்கணும்" என்பாள். ஆகவே பிள்ளை பால் மறந்தால் தாய்க்குக் கதையும் போயிற்று.

அழகம்மாவின் மகளுக்கு இரண்டரை வயது. வாய் நிறையப் பல். கோழியைத் துரத்தும் கால். ஆனாலும் அழகம்மா பத்து மணிக்குத் தவறாமல் வந்து அவளை மடியில் பிடித்து இருத்திவிடுவாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் கண்டாக்கு றோலண்ட் ஐயா ஒருவர்தான். மலைவேலையைப் பார்க்கும் அவர், ஒருநாள் பனிக்கு ஒதுங்கி உள்ளே வந்துவிட்டார்.

"என்னா அழகம்மா, ஒம்மக காலையில பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேரு குடுக்குற வயசாயிருச்சு. இன்னுமா பாலு?"

"குடிக்குதுங்க ஐயா. பால் இல்லாட்டி அழுவும்."

மகள் மடியிலிருந்து திமிறி எழுந்து, "பாலு வேணாம். பிஸ்கட்டு" என்றாள்.

அறையே சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். சிரித்த வாயாலேயே, "நாளையிலேருந்து நிரைய விட்டு எறங்கக் கூடாது" என்றார்.

அதன்பிறகு அழகம்மா தன் தேயிலை வரிசையில் நின்று, பத்து மணிக்குக் கீழே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வரும் பூரணியிடம் கேட்பாள்.

"ஏய், கனகவல்லி கர ஏறுனாளா இல்லியா?"

"ஏறி, கல்யாணமும் முடிஞ்சு, மூணு புள்ள. ஒன்னுக்கு ஒம்பேருதான் வச்சிருக்காளாம்!"

நிரை முழுக்கச் சிரிப்பு. அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை கொழுந்தை ஒடித்தது; கண் பனிக்குள் எதையோ தேடியது. அன்று மாலை நிறுவையில் அவள் கூடையில் முத்தல் இலை அதிகமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாயாண்டி ஒரு பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். பெற்ற அவன் மனைவி நாகலெட்சுமியைக் காய்ச்சலோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றிப் போயிருந்தார்கள். குழந்தை புட்டிப்பாலைத் துப்பியது. அழுகுரல் பாதைவரை கேட்டு, கண்டாக்கு வந்து வாசலில் நின்றார்.

"பால்மா எறங்கலைங்க ஐயா. பால் உள்ளவ ஒருத்திய அனுப்புங்க" என்றாள் பேச்சியம்மா.

"இங்க இத்தனை பேரு வர்றாங்களே?"

"அவங்கவங்க புள்ளைக்கே பத்தலைங்க. மிச்சப் பாலு, நீங்க நிப்பாட்டுனவகிட்டத்தான் இருக்கு."

கண்டாக்கு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு தானே மலையைப் பார்த்து, "ஏய் அழகம்மா! கூடைய எறக்கிட்டு வா!" என்று கத்தினார்.

அழகம்மா வந்து அமர்ந்தாள். குழந்தை தேடித் தடுமாறிக் கவ்வியதும் அழுகை நின்றது. பத்து மணிக்கு மற்றத் தாய்மாரும் வந்து சேர்ந்தார்கள். பேச்சியம்மா கோட்டுப் பையிலிருந்து ஓடத்துப் புத்தகத்தை எடுத்தாள். தொட்டில் துணியில் கிழித்த நாடா, அழகம்மா கடைசியாக வந்த அன்று நிறுத்திய அதே பக்கத்தில் இருந்தது.

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லித்தானக்கா எங்களுக்கு வேற புத்தகம் படிச்ச?" என்றாள் பூரணி.

"வாய மூடிக்கிட்டுப் பாலக் குடு."

பேச்சியம்மா முதல் வரியைத் தொடங்கினாள். அழகம்மா குழந்தையை இடக்கையில் அணைத்தபடி குனிந்து, அவள் பெருவிரலிலிருந்து கயிற்றைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டாள், பக்கம் புரட்டும்போதும் தொட்டில் நின்றுவிடாதபடி.