பாப்பாவுக்கு பி.பி.ஏ.

அன்றைக்குக் கல்லூரி ஆபீஸ் கவுண்டர் முன்னால் நின்றது அப்பாவும் நானும். அம்மா வரவில்லை. சேர வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தியான என் அக்காவும் வரவில்லை. அக்கா என்றாலும் நாங்கள் ரெட்டை. அவள் கொஞ்சம் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். சித்தி மகளுக்குச் சடங்கு என்று அம்மாவும் அவளும் திருவெள்ளறை போயிருந்தார்கள்.

அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்கு எல்லாப் படிப்பும் ஒரே படிப்பு, காலேஜ் படிப்பு. அதனால் இரண்டு ஃபார்மையும் நான்தான் நிரப்பினேன். எனக்கு விலங்கியல். அக்காவுக்கும் அதேதான் வேண்டும். பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சுவாலஜிடா, மறந்து தொலைச்சிடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"பொண்ணுக்கு என்ன கோர்ஸ்?" என்றார் கிளார்க்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா தம்பி. பாப்பாவுக்கு எது நல்லதுன்னு உனக்குத்தானே தெரியும்."

பள்ளிக்கூடத்தில் கடைசி வரைக்கும் ஒரே வகுப்பு. பயாலஜியில் எப்போதும் அவள்தான் முதல். "உங்க அக்காகிட்ட கேட்டு எழுதுடா" என்று சார் சொல்லாத வாரம் கிடையாது. இங்கேயும் அதேதானா என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அதற்கப்புறம் எவ்வளவோ யோசித்துவிட்டேன், வேறு நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

"பி.பி.ஏ. சார்."

"பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்களேன்."

"வேணாம் சார். அவ சரின்னுதான் சொல்லுவா" என்றேன் நான்.

அவள் ஊரிலிருந்து வந்ததும் சுவாலஜி சீட் முடிந்துவிட்டது என்றேன். "சரி விடு, நீயாச்சும் சேர்ந்தியே" என்று சடங்கு வீட்டில் கொடுத்த லட்டை என் கையில் வைத்தாள்.

செமஸ்டர் பிராக்டிகலுக்கு இறால் உண்டு என்றார்கள். அதன் கால்களையும் உணர்கொம்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, தலையிலிருந்து வால் வரை வரிசை மாறாமல் கறுப்பு அட்டையில் அடுக்க வேண்டும். லேபில் என் கைக்கு எல்லாம் ஒடிந்தன. வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று அப்பாவை இறால் வாங்கி வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இடுக்கி அக்கா கைக்குப் போய்விட்டது.

"கொழம்புக்கு வாங்கினதை வச்சு ரெண்டு பேரும் போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா?" என்றாள் அம்மா.

"இரும்மா, வால் பக்கம் மட்டுந்தான் பாக்கி. டேய், இழுக்காதே. அடியில புடிச்சுத் திருப்பு. உன்கிட்ட மாட்டினா செத்த இறால்கூட கத்தும்." தன் அக்கவுண்ட்ஸ் நோட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ போய் என் பேலன்ஸ் ஷீட்டைப் போடு. அதுக்கு வலிக்காது."

எனக்கும் அது டேலி ஆகவில்லை. அட்டையில் அவள் அடுக்கியதோ புத்தகத்துப் படம் போல இருந்தது. தலை நிமிராமலே கேட்டாள்: "ஒரு சீட்டுகூடவாடா இல்லாம போச்சு?"

நான் ஒரு எண்ணை அழித்து, அதே எண்ணைத் திரும்ப எழுதினேன்.

அடுத்த வருட சேர்க்கை தொடங்கியபோது, இந்தத் தடவையாவது சீட் கிடைக்குமா என்று அவளே போய் ஆபீஸில் விசாரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"போன வருஷம் சீட்டு நிரம்பவே இல்லையாம். காலியாக் கிடந்துச்சாம். ஏன்டா?"

"நீ என் கிளாஸ்ல இருக்க வேணாம்னு நெனச்சேன்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பையை இறக்கி வைத்தாள். பிறகு, "எனக்குக் கணக்கு மண்டையில ஏறலன்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காதே. அந்த மனுஷன் உன்னை நம்பித்தான் எதுலயும் கையெழுத்துப் போடுறாரு" என்றாள்.

கோர்ஸ் மாற்றித் தர மாட்டார்களாம். பழைய சேர்க்கையை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் சேர வேண்டும். "மீதி ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் டி.சி., ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம். உங்களால அந்த சீட்டு சும்மாதானே கெடக்கப் போகுது?" என்றார் அதே கிளார்க். அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"விருப்பமில்லாத கோர்ஸ்ல யாருங்க கொண்டாந்து சேர்த்தது?"

"நான்தாங்க" என்றார் அப்பா. "படிக்காத ஆளு. தெரியாம சேர்த்துட்டேன்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா இப்போது விலங்கியல் முதல் வருடம். காரிடாரில் எதிரே வந்தால் "வணக்கம் சீனியர்" என்கிறாள். என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. அப்பா காலையில் முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிடுகிறார். அவள் வேண்டாமல் படித்த ஒரு வருடத்துக்கு இருபத்தெட்டாயிரம், படிக்காத இரண்டு வருடத்துக்கு ஐம்பத்தாறாயிரம். ஆக எண்பத்து நாலாயிரம் ரூபாய்.