ஜேர்மன் தெரியாத பிள்ளை

இம்மாகுலேற் கூட்டித் துடைத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலையில் பிரெஞ்சிலும், மத்தியானத்துக்குப் பிறகு ஜேர்மனிலும் படித்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னர் பாரிசுக்குத் தெருக்கூட்டவும் துணி தைக்கவும் வந்த ஜேர்மன்காரர், தங்கள் பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடக் கூடாதென்று லா சப்பல் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டிய பள்ளிக்கூடம் அது. வகுப்பறையின் ஒரு சுவரில் ஆறுகளின் பெயர்கள் பிரெஞ்சில் இருக்கும், எதிர்ச் சுவரில் அதே ஆறுகள் ஜேர்மனில் இருக்கும். ஜேர்மன் சரளமாகப் பேசத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அவள் வீட்டிலேயே இருந்தது. அதை வெளியில் சொல்லத்தான் வழியில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளும் கணவன் ஸ்ரனிஸ்லாஸும் மகள் பேர்ளியும் எண்பத்து மூன்றில் மன்னாரை விட்டுப் புறப்பட்டு, முதலில் போய்ச் சேர்ந்தது ஜேர்மனிக்கு. மூன்று வருடம் ஸ்ருட்காட் பக்கம் ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். பேர்ளி அங்கேதான் பாலர் வகுப்புக்குப் போனாள். தமிழ் பேசுகிற அதே வேகத்தில் ஜேர்மனும் பேசினாள், நித்திரையில் புலம்பினால்கூட ஜேர்மனில்தான் புலம்புவாள். பிறகு அங்கே அகதிக் கேஸ் தள்ளுபடியானது. களவாக எல்லை கடந்து பாரிசுக்கு வந்து, லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை எடுத்தார்கள்.

இங்கே அவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுத்த அண்ணை ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார்: "கொழும்பிலையிருந்து நேரை பாரிசுக்கு வந்ததெண்டுதான் எழுதியிருக்கிறன். ஜேர்மனியெண்ட பேச்சே வாயிலை வரக்கூடாது. தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

இப்படிப் புத்தி சொல்ல அந்த நாளில் லா சப்பலில் ஆளுக்கா பஞ்சம்? எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள், எல்லோரும் இப்படித்தான் பயந்து செத்தார்கள். பெரியவர்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஸ்ரனிஸ்லாஸ் மகளை முன்னால் இருத்தி வைத்துச் சொன்னான்: "ஒரு ஜேர்மன் சொல்லு வெளியிலை வந்துதோ, அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோயிடும்."

பேர்ளி சொல்வழி கேட்கிற பிள்ளை. அதுதான் வினையாகப் போனது. பிரெஞ்சு பேச வாய் திறந்தால் ஜேர்மன் வந்து விழுந்துவிடுமோ என்று பயந்து, தன்னைச் சேர்த்திருந்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். வாயில் என்ன கொழுக்கட்டையோ என்று பக்கத்து அறைச் சனம் பகிடி பண்ணியது. இம்மாகுலேற்றும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே வந்து அழுவாள்.

பின்னேரங்களில் மகளைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிவருவாள். உள்ளே பிள்ளைகள் ஜேர்மனில் பாட, நடைபாதையில் நிற்கும் பேர்ளியின் உதடு சத்தமில்லாமல் அசையும். தலைமையாசிரியை மதாம் ரிட்டர் அதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் இம்மாகுலேற்றைக் கூப்பிட்டு, வேலையாட்களின் பிள்ளை ஒன்றுக்கு இலவசமாக இடம் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் பழைய வழக்கம் என்றும், ஜேர்மன் காதில் ஏறுகிற பிள்ளையா என்று மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இம்மாகுலேற்றுக்குச் சந்தோசத்தில் கைகால் ஓடவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி ஆரிட்டையும் போய்ச் சொல்லமாட்டா. பிள்ளை பேசட்டுமே," என்று கணவனிடம் கெஞ்சினாள்.

"அகதிக் கார்ட் கையிலை வரட்டும். பேந்து என்ன பாசையெண்டாலும் பேசட்டும். நீ படிப்பைப் பாக்கிறாய், நான் எங்கடை தலையைப் பாக்கிறன்."

அவன் பொல்லாதவன் அல்ல. முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவனை விமானத்தில் ஏற்றி அனுப்பியதைக் கண்ணால் கண்டவன்.

எண்பத்தேழு மே மாதம் சோதனை நடந்தது. மதாம் ரிட்டர் பேர்ளியைப் பக்கத்தில் இருத்தி, என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று ஜேர்மனில் கேட்டார். பிள்ளையின் முகம் மலர்ந்தது. வாய் திறக்கப் போனவள், திரும்பித் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினால் போதும், சொல்லிவிடுவாள். இம்மாகுலேற்றின் கழுத்து அசையவில்லை. ஐயோ, அந்த ஒரு நிமிடத்தை அவள் பிறகு எத்தனை ஆயிரம் தரம் நினைத்து மாரடித்திருப்பாள்! அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

"விளங்கவில்லை," என்று பேர்ளி பிரெஞ்சில் சொன்னாள்.

மதாம் ரிட்டர் பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் ஜேர்மனில் மெல்லச் சொன்னார்: "பாவம், ஒரு மொழிக்கே திணறுகிற பிள்ளை. இரண்டைச் சுமத்தினால் தாங்காது." தாய்க்கும் மகளுக்கும் ஜேர்மன் தெரியாது என்ற நினைப்பில்தான் சொன்னார். இருவருக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது. பேர்ளி சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இம்மாகுலேற் மரியாதையாக நன்றி சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது.

எண்பத்தொன்பதில்தான் அகதி அலுவலகம் அவர்களை விசாரணைக்கு அழைத்தது. அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் சாதாரணமாகக் கேட்டார்: "ஜேர்மனியில் மூன்று வருடம் இருந்திருக்கிறீர்கள். அங்கே ஏன் தள்ளுபடி செய்தார்கள்?"

எல்லாம் முதலே அந்தக் கோப்பில் இருந்திருக்கிறது. ஸ்ரனிஸ்லாஸ் தட்டுத்தடுமாறி உள்ளதைச் சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் பத்து வருட வதிவிடக் கார்ட் கிடைத்தது. அறையில் எல்லோரும் கேக் வெட்டினார்கள்.

மறுநாள் இம்மாகுலேற் பேர்ளியைக் கூட்டிக்கொண்டு மதாம் ரிட்டரின் அறைக்குப் போனாள். இத்தனை வருடம் பூட்டிவைத்த அரைகுறை ஜேர்மனில், முகாமிலிருந்து கார்ட் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மதாம் ரிட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே," என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்குக் குடியிருப்புக் கடுதாசி இருந்ததில்லை. இன்றைக்கும் இடம் இருக்கிறது, இம்மாகுலேற்."

பிறகு பேர்ளியின் பக்கம் குனிந்து, ஆறுதலாக, ஜேர்மனில் ஏதோ கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

"சொல்லு மோனை. இனிப் பயமில்லை, கார்ட் வந்திட்டுது. அப்பாவை ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம்."

பேர்ளி தாயின் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, அவ என்ன சொல்லுறா?"

இம்மாகுலேற் மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இந்தத் தடவை பிள்ளை பொய் சொல்லவில்லை.